கேட்டுவிட்டுச் சொல்லுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள்: சேலத்தில் வேலைக்குச் சேரும் புதுச் செவிலியர்களுக்கு

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, பெண்கள் வார்டு, நைட் டூட்டி. பத்தரை மணிக்கு வார்டு போன் அடித்தது. "நான் அந்தப் பொண்ணோட சித்தப்பா பேசறேன் சிஸ்டர், ஊர்ல இருந்து. எங்களுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்னதான் ஆச்சு?" குரலில் அத்தனை பதற்றம். எனக்கு மனசு கேட்கவில்லை. "கரு கலைஞ்சிருச்சுங்க, இப்ப பயமில்ல, காலையில டாக்டர் பார்த்துட்டு அனுப்பிடுவாங்க" என்று சொல்லி, கூடவே நாலு வார்த்தை ஆறுதலும் சொல்லி வைத்தேன்.

பேசியவர் சித்தப்பா இல்லை. கணவர் வேலை பார்க்கும் கொலுசுப் பட்டறையில் கூட வேலை பார்ப்பவர். விடிவதற்குள் செய்தி மாமியாருக்குப் போய்விட்டது. ஏற்கெனவே இரண்டு முறை கலைந்திருந்ததால், இந்தத் தடவை மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கணவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. டிரிப் கழற்றும்போது என் கையையே பார்த்துக்கொண்டு, "ஏங்க்கா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கெட்ட எண்ணத்தில் ரகசியத்தை வெளியே விடும் நர்ஸை இத்தனை வருடத்தில் நான் பார்த்தது குறைவு. இரக்கத்தில் சொல்லிவிடுகிறோம், அவசரத்தில் சொல்லிவிடுகிறோம், சத்தமாகப் பேசிப் பழகிவிட்டதால் சொல்லிவிடுகிறோம். சிகிச்சைக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கும் விஷயமும் அப்படித்தான். "நல்லதுக்குத்தானே செய்யறோம்" என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். இரண்டிலும் விட்டுப்போவது ஒன்றுதான்: நோயாளியிடம் கேட்பது. அவரைப் பற்றி வெளியில் சொல்வதற்கும் சரி, அவர் உடம்பில் கை வைப்பதற்கும் சரி, அனுமதி அவரிடம்தான் இருக்கிறது. புதிதாக வரும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும், டூட்டியில் எது எப்போது வருமோ ஏறக்குறைய அந்த வரிசையில் எழுதுகிறேன்.

டூட்டி எடுக்கும்போது

நர்சிங் படிக்கும்போது விளக்கேற்றும் விழாவில் உறுதிமொழி எடுத்தோமே, அதன் மூல வடிவம் 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எழுதப்பட்டது. நோயாளி நம்பி ஒப்படைத்த சொந்த விஷயங்களையும், வேலையின்போது தெரியவரும் குடும்ப விஷயங்களையும் வெளியில் விடமாட்டேன் என்று அதில் ஒரு வரி வரும். குடும்ப விஷயம் என்று தனியாகச் சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். நோயின் பெயர் மட்டும் ரகசியம் இல்லை. யார் பார்க்க வந்தார், யார் வரவில்லை, பில் யார் கட்டினார், கணவர் குடித்துவிட்டு வந்து நின்றாரா என்பதெல்லாம் அதில் அடக்கம்.

ஹேண்ட் ஓவர், அதாவது டூட்டி முடிப்பவர் அடுத்து வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது, கட்டில் கட்டிலாகத்தான் நடக்கும், நடக்கவும் வேண்டும். ஆனால் கூட்டமான வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம்தான் இருக்கும். கீழே பாய் விரித்து உடன் இருப்பவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நின்று நாம் பேசுவது நோயாளியின் காதில் விழும் முன்பே பக்கத்துக் கட்டிலில் விழுந்துவிடும். அதனால் விஷயத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். டிரிப் எத்தனை பாட்டில் போனது, சிறுநீர் எவ்வளவு, காய்ச்சல் எத்தனை, அடுத்த ஊசி எத்தனை மணிக்கு என்பதைக் கட்டிலருகே சொல்லலாம். எச்.ஐ.வி., காசநோய், கருக்கலைப்பு, விஷம் குடித்தது, மனநலச் சிகிச்சை, அடிபட்டதன் உண்மையான காரணம் போன்றவற்றை நர்சிங் ஸ்டேஷனிலேயே கேஸ் ஷீட்டைத் திறந்து விரலால் காட்டிவிடுங்கள். வாயால் சொல்லவே தேவையில்லை.

எச்.ஐ.வி. பற்றித் தனியாக ஒன்று. 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒருவரின் சம்மதம் இல்லாமல் அந்தப் பரிசோதனை செய்யக்கூடாது, முடிவையும் அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது என்கிறது அந்தச் சட்டம். அவருடைய சிகிச்சையில் நேரடியாக இருப்பவர்களுக்கு, சிகிச்சைக்குத் தேவைப்படும் அளவுக்குத் தெரியலாம். லேப் அட்டெண்டருக்கோ, சாப்பாடு கொண்டு வருபவருக்கோ தெரிய வேண்டியதில்லை. துணைவருக்குச் சொல்ல வேண்டிய நிலை வந்தால் அதற்கு மருத்துவரும் ஆலோசகரும் இருக்கிறார்கள், சட்டத்தில் வழிமுறையும் இருக்கிறது. நாம் வாய் திறக்கும் இடம் அது இல்லை.

வாய் திறக்காமலேயே காட்டிக்கொடுப்பதும் உண்டு. கேஸ் ஷீட் அட்டையில் சிவப்பு மையில் பெரிய எழுத்து, கட்டில் தலைமாட்டில் ஒரு குறி, அந்த ஒரு கட்டிலுக்குப் போகும்போது மட்டும் இரண்டு கையுறை. எதிர்க் கட்டில் பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். சாயங்காலத்துக்குள் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். ரத்தம், சீழ் படும் வேலை என்றால் எல்லாக் கட்டிலுக்கும் ஒரே மாதிரி கையுறை போடுங்கள். தொற்றுக்கும் அதுதான் சரி, ரகசியத்துக்கும் அதுதான் சரி.

அட்மிஷனில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"உங்க உடம்பு விஷயத்தை யார் கேட்டா சொல்லலாம்? யார்கிட்ட சொல்ல வேண்டாம்?"

எந்தப் படிவத்திலும் இந்தக் கேள்வி இருக்காது. நீங்களே கேட்டு, பதிலைக் கேஸ் ஷீட்டில் நர்சிங் குறிப்பில் எழுதுங்கள். "கணவரிடமும் அக்காவிடமும் மட்டும் சொல்லலாம் என்கிறார். மாமியாரிடம் வேண்டாம் என்கிறார்." ஒரு வரி போதும், அடுத்த டூட்டிக்கு வருபவருக்கு அது பெரிய உதவி. அன்றைக்கு நான் இதைக் கேட்டு எழுதி வைத்திருந்தால், இரவில் போனில் என்ன பேசுவது என்று யோசித்திருக்கவே வேண்டியதில்லை.

தனியாகக் கேட்க வேண்டும். நம் ஊரில் நோயாளி தனியாக வருவது அபூர்வம். அம்மா, அத்தை, பக்கத்து வீட்டுக்காரம்மா என்று ஒரு வண்டி ஆட்கள் வருவார்கள், எல்லாப் பதிலையும் அவர்களே சொல்வார்கள். எடை பார்க்க அழைத்துப் போங்கள். யூரின் டெஸ்ட்டுக்குப் பாத்ரூம் வரை கூடவே போங்கள். அந்த இரண்டு நிமிடம் போதும். "கடைசியா எப்ப தலைக்கு ஊத்தினீங்க", "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா", "வீட்ல யாராவது அடிக்கறாங்களா" என்பதற்கெல்லாம் உண்மையான பதில் அங்கேதான் வரும்.

மூத்தவர்கள் விஷயத்தில் இது திரும்பி நிற்கும். மகன் நம்மைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்க மாட்டார்" என்பார். அவர் சொல்வது பாசத்தில்தான். அதற்காகச் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். "நானா போய்ச் சொல்ல மாட்டேங்க. அப்பாவே கேட்டா டாக்டரைக் கூப்பிடுவேன், பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லுங்கள். பிறகு மருத்துவரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். அவரும் நீங்களுமாகப் பெரியவரிடம் கேட்கலாம்: "ஐயா, உங்களுக்கு என்னன்னு யாராவது சொன்னாங்களா? எல்லாத்தையும் தெரிஞ்சுக்கணும்னு இருக்கீங்களா, இல்ல மகன்கிட்டயே பேசிக்கட்டுமா?" என் அனுபவத்தில் பாதிப் பேர், "எல்லாம் தெரியும்மா, அவன்தான் தாங்க மாட்டான், அவன்கிட்ட சொல்லாதீங்க" என்பார்கள். மீதிப் பேரில் சிலர், "அவனே பார்த்துக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அதுவும் அவர் முடிவுதான். எழுதி வையுங்கள்.

செல்போன் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எக்ஸ்ரேயையோ புண்ணையோ படம் எடுத்து டூட்டி டாக்டருக்கு அனுப்பும் நிலை வரும். நோயாளியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், முகமும் பெயரும் விழாமல் எடுங்கள், டாக்டர் பார்த்ததும் அழித்துவிடுங்கள். அந்தப் படம் நர்ஸ்கள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகக்கூடாது. வார்டில் ரீல்ஸ் எடுப்பது வேண்டவே வேண்டாம். பின்னால் தெரியும் கட்டிலில் படுத்திருப்பவர் அதற்குச் சம்மதம் தரவில்லை. அரசு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது கேஸ் பற்றிப் பேசுவதும் இதே கணக்குதான். அம்மாபேட்டை பஸ்ஸில் பெயர் சொல்லாமல் "அந்தத் தறிக்காரர்" என்றால்கூட யாரென்று தெரிந்துகொள்ளும் ஆள் இரண்டு சீட் தள்ளி இருப்பார்.

மலைக்கு டூட்டி கிடைத்தால்

ஏற்காடு பக்கம் போஸ்டிங் வந்தவர்களுக்கு இது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் அந்த ஊரில் தூரம் அதிகம், ஆட்கள் குறைவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரே ஜீப்பில் நோயாளியும் வருவார், பக்கத்து வீட்டுக்காரரும் வருவார், காபி எஸ்டேட் மேஸ்திரியும் வருவார்.

மேஸ்திரி நல்ல மனசோடுதான் ஆளைக் கூட்டி வந்திருப்பார். வண்டிக் காசும் அவர் கொடுத்திருப்பார். அதனால் "என்ன நோய்ங்க சிஸ்டர்?" என்று உரிமையோடு கேட்பார். கூட்டி வந்ததற்கு நன்றி சொல்லுங்கள், நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். "மூணு நாள் ஓய்வு வேணும்னு டாக்டர் எழுதிக் கொடுப்பாங்க" என்பதோடு நிறுத்துங்கள். லீவுக்கு அவருக்குத் தேவையானது அவ்வளவுதான்.

சேர்வராயன் மலையில் பெரும்பாலும் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். வெளியூரிலிருந்து புதிதாக வருபவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் பேசுவது தமிழ்தான், மலைக்கே உரிய பேச்சுவழக்கு. மொழிபெயர்க்கக் கேரளச் சிஸ்டரைத் தேட வேண்டாம், நீங்களே நிதானமாகப் பேசினால் போதும். ஊர்த் தலைவரான ஊர்க் கவுண்டர் உடன் வந்திருந்தால் மரியாதை கொடுங்கள், நாற்காலி போடுங்கள். ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் சம்மதக் கையெழுத்து அந்தப் பெண்ணுடையதாக இருக்க வேண்டும். கவுண்டர் தலையாட்டியது அவள் சம்மதம் ஆகாது. அவரோடு கலந்து பேச வேண்டும் என்று அவளே சொன்னால், அதற்கு நேரம் கொடுங்கள்.

கிராம சுகாதார செவிலியர்களுக்கு இன்னொன்று. வீடு தேடிப் போகும்போது வாசலில் நின்று, "மாத்திரை சாப்பிட்டியா? சளி டெஸ்ட்டுக்கு ஏன் வரல?" என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசுங்கள். காசநோய் 2012 முதல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். அந்தத் தகவல் அரசுக்குத்தான் போக வேண்டும், தெருவுக்குப் போக வேண்டியதில்லை.

கையெழுத்து வாங்குவதற்கு முன்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

புது டெல்லியில் ஒரு பெண்மணி, 44 வயது, திருமணம் ஆகாதவர். வயிற்றுக்குள் என்ன பிரச்சினை என்று பார்ப்பதற்கான லேப்ராஸ்கோபிக்குக் கையெழுத்துப் போட்டார். மயக்க மருந்து கொடுத்து உள்ளே பார்த்தபோது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். உதவியாளர் தியேட்டரிலிருந்து வெளியே வந்து தாயாரிடம் கையெழுத்து வாங்கினார். கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. சமீரா கோலி வழக்கு என்று பெயர். 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: சோதனைக்குக் கொடுத்த சம்மதம் அறுவை சிகிச்சைக்கான சம்மதம் ஆகாது. தற்காலிக மயக்கத்தில் இருக்கும், வயது வந்த, தெளிவான புத்தியுள்ள ஒருவருக்காகத் தாயார் போட்ட கையெழுத்து செல்லாது. உயிருக்கு ஆபத்து இருந்தால் வேறு. அப்படி இல்லை என்றால் அவர் கண் விழிக்கும்வரை காத்திருந்து கேட்க வேண்டும்.

தியேட்டர் வாசலில் ஃபாரமோடு வெளியே அனுப்பப்படுவது பெரும்பாலும் நாம்தான். அதனால் இந்த வழக்கு நம்முடைய பாடமும்கூட.

என்னென்ன சொல்லியிருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது: என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, அதனால் என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, வேண்டாம் என்றால் என்ன ஆகும். இதை விளக்க வேண்டியவர் அதைச் செய்யப்போகும் மருத்துவர். நம் வேலை சாட்சி. நோயாளிக்குப் புரிந்ததா, மனமார ஒப்புக்கொண்டாரா, அவரேதான் கையெழுத்துப் போட்டாரா என்று பார்ப்பது.

"சிஸ்டர், எட்டாம் நம்பர் பெட்டுக்கு கன்சென்ட் வாங்கிடுங்க" என்று மருத்துவர் போகிற போக்கில் சொல்வார். முதல் வருடத்தில் எதிர்த்துப் பேச யாருக்கும் தைரியம் வராது, எனக்கும் வந்ததில்லை. பிறகு ஒரு வாக்கியம் கண்டுபிடித்தேன்: "சார், நீங்க ஒரு தடவை சொல்லிடுங்க, நான் பக்கத்துல நின்னு கையெழுத்து வாங்கிடறேன்." இதில் யாருக்கும் கோபம் வந்ததில்லை. மருத்துவர் வந்து பேசும்போது நீங்களும் கேட்கிறீர்கள், அதனால் அவர் போனபின் நோயாளி கேட்கும் சந்தேகத்துக்கும் உங்களால் பதில் சொல்ல முடியும்.

ஃபாரத்தைக் கையில் எடுத்ததும் பாருங்கள்: பெயர், வயது, ஐ.பி. எண், செய்யப்போகும் சிகிச்சையின் முழுப்பெயர், இடதா வலதா, மருத்துவர் கையெழுத்து, தேதி, நேரம். வெற்று ஃபாரத்தில் கையெழுத்து வாங்கிப் பிறகு நிரப்புவது எத்தனை வார்டில் வழக்கமாக இருந்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். மயக்கத்துக்கு முன் கொடுக்கும் ஊசி போட்டபின் வாங்கிய கையெழுத்தும் அதே மாதிரிதான். ஊசிக்கு முன்பே வாங்கியாயிற்றா என்று பாருங்கள், விட்டுப்போயிருந்தால் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

மொழி. சேலத்தில் தமிழ் தவிர வீட்டில் தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுபவர்கள் உண்டு. பெரும்பாலும் தமிழ் நன்றாகவே புரியும். கட்டட வேலைக்கும் மில் வேலைக்கும் வந்திருக்கும் வடமாநிலத்தவருக்குத்தான் சிரமம். அவர்களைக் கூட்டி வரும் காண்ட்ராக்டரே பேசவும் செய்வார். காண்ட்ராக்டர் வாயால் வந்த சம்மதத்தை நம்பாதீர்கள். இந்தி தெரிந்த டாக்டரையோ ஸ்டாஃபையோ கூப்பிடுங்கள். பெற்றோருக்கு மொழிபெயர்க்கப் பத்து வயதுப் பிள்ளையை நிறுத்துவதும் கூடாது.

புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நான் கேட்பது வேறு: "வீட்டுக்குப் போன் போட்டு என்ன ஆபரேஷன்னு கேட்டா, எப்படிச் சொல்வீங்க?"

அம்மாபேட்டைப் பக்கத்துத் தறிக்காரர் ஒருவர், அறுபதை நெருங்கியவர், குடல் இறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டி, கையெழுத்துப் போடப் பேனாவும் எடுத்துவிட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டேன். "குடல் கீழ எறங்கியிருக்கு, உள்ள ஒரு வலை வெச்சு தெச்சிருவாங்க. நாலு நாள்ல தறியில உக்காந்துக்கலாம்" என்றார். குழித்தறி. நாள் முழுக்கக் கால் மிதித்தால் அடிவயிறுதான் இழுக்கும். "நாலு நாள்னு யாருங்க சொன்னாங்க?" என்றேன். யாரும் சொல்லவில்லை, அவராக நினைத்துக்கொண்டது. மருத்துவரைத் திரும்பக் கூப்பிட்டேன். பல வாரம் தறி மிதிக்கக்கூடாது என்று அவர் சொன்னதும், பெரியவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கல்யாணப் பட்டுச்சேலை ஆர்டர் பாதியில் நின்றது, முன்பணமும் வாங்கியிருந்தார். "அதை முடிச்சுட்டு வந்துடட்டுங்களா?" என்று கேட்டார். உடனே செய்தே ஆக வேண்டிய நிலை இல்லை. எந்த அறிகுறி வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும் என்று மருத்துவர் விளக்கி அனுப்பினார். ஆர்டரை முடித்துவிட்டு வந்து படுத்தார். அந்த இரண்டாவது கையெழுத்துதான் சம்மதம்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டுக் கைநாட்டு வாங்குங்கள். சாட்சியாக முடிந்தவரை மருத்துவமனை ஆளாக இல்லாமல், நோயாளி நம்பும் ஒருவர் இருக்கட்டும். வாசித்துக் காட்டியதாகவும் எழுதுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்திட வேண்டும். ஆனாலும் பிள்ளைக்கும் சொல்லுங்கள். பதினாலு வயதுப் பையனிடம் எதுவும் சொல்லாமல் ஊசியோடு போய் நிற்பது அவனை அவமதிப்பது.

நினைவில்லாமல், கூட யாரும் இல்லாமல் விபத்தில் வருபவர்களும் உண்டு. தொப்பூர் கணவாய்ப் பக்கம் நடக்கும் விபத்துகளைக் கேள்விப்படாத நர்ஸ் இந்த வட்டாரத்தில் இருக்க மாட்டார். அங்கே கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்வதை பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவு பாதுகாக்கிறது. நிலைமை என்ன, எத்தனை மணிக்கு, யார் முடிவெடுத்தார் என்று எழுதினால் போதும்.

பிரசவ வார்டில்

அதிகம் தவறு நடக்கும் இடம் இதுதான் என்பது என் கணிப்பு, அதனால் தனியாக எழுதுகிறேன்.

வலி உச்சத்தில் இருக்கும் பெண்ணிடம் "காப்பர்-டி போட்டுக்கறியா, இந்தா கையெழுத்துப் போடு" என்றால் அவள் எதற்கும் சரி என்பாள். அது சம்மதமே இல்லை. கர்ப்பகாலச் செக்கப்புக்கு வரும் மாதங்களில் பேச வேண்டிய விஷயம் அது. அப்போது பேசவில்லையா? பிரசவம் முடிந்து, அவள் சாப்பிட்டு, தூங்கி எழுந்தபின் கேளுங்கள். குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் போட்டால் சௌகரியம் என்பதற்காக ஒரு பெண்ணுக்குத் தெரியாமல் அவள் உடம்புக்குள் ஒன்றை வைக்க நமக்கு உரிமை கிடையாது. வருடக்கணக்கில் முதுகுவலி, வெள்ளைப்படுதல் என்று அலைந்து, கடைசியில் ஸ்கேனில்தான் உள்ளே காப்பர்-டி இருப்பது தெரிந்தது என்று வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்குக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி துணைவரின் சம்மதம் தேவையில்லை. கருக்கலைப்புக்கும் வயது வந்த பெண்ணின் சம்மதமே போதும், கணவர் அனுமதி வேண்டியதில்லை. அவள் பெயரையும் விவரத்தையும் வெளியிடுவது குற்றம். 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஓராண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

ஸ்கேன் அறையில் "ஆம்பளையா பொம்பளையான்னு கண்ணாலயாவது காட்டுங்க சிஸ்டர்" என்று கெஞ்சுவார்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்லாலும் கூடாது, சைகையாலும் கூடாது. பெண் குழந்தைகளைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் முதலில் தொடங்கப்பட்டதே நம் சேலத்தில்தான். குழந்தையைத் தொட்டிலில் விட்டுச் செல்பவரிடம் பெயர், ஊர் கேட்பதில்லை என்பதுதான் அந்தத் திட்டத்தின் உயிர். கேட்டிருந்தால் யாரும் அந்தத் தொட்டில் பக்கமே வந்திருக்க மாட்டார்கள். ஒரு பெயரை மறைத்து வைப்பதால் ஒரு உயிர் தங்கும் என்பதை இந்த ஊர் நேரிலேயே பார்த்திருக்கிறது.

கர்ப்பிணிகளுக்கு எச்.ஐ.வி. பரிசோதனை வழக்கமாக எடுப்பது என்பதால் சொல்லாமலேயே ரத்தம் எடுத்துவிடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்துக்கு அனுப்பி, ஆலோசகர் பேசியபின் எடுக்க வேண்டும். முடிவையும் அவளிடம் மட்டும், தனியாக.

சொல்லியே ஆக வேண்டிய இடங்கள்

பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் பாலியல் வன்முறைக்கு ஆளானது தெரிந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி தெரிவித்தே ஆக வேண்டும். நீங்களாகப் போலீஸுக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்காமல், மருத்துவர், வார்டு இன்சார்ஜ் வழியாக அன்றைக்கே நடக்க வேண்டும், தள்ளிப்போடக்கூடாது. கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் அவள் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், அந்தத் தகவலில் அவள் பெயரை மருத்துவர் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணைப் பரிசோதிக்க அவள் சம்மதம் வேண்டும். பரிசோதனை வேண்டாம் என்றாலும் சிகிச்சையை மறுக்கக்கூடாது. அவள் யார் என்று தெரியும்படி எதையும் வெளியிடுவது சட்டப்படி குற்றம். பத்திரிகைக்காரர் கேட்டாலும், உள்ளூர்ப் பிரமுகர் கேட்டாலும் ஒரே பதில்தான்.

அடிதடி, விபத்து, விஷம் என்றால் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர் போடுவார்கள், போலீஸ் வரும். போலீஸ்காரர் வார்டுக்கே வந்து கேஸ் ஷீட்டைக் கேட்டால், பயந்துகொண்டு எடுத்து நீட்டாதீர்கள். "டாக்டரைக் கூப்பிடறேன் சார், எழுத்துல குடுத்தா ஆபீஸ் மூலமா தருவாங்க" என்று மரியாதையோடு சொல்லுங்கள். நோயாளி தன் ஆவணங்களின் நகலைக் கேட்டால் அது அவர் உரிமை. 2002-ஆம் ஆண்டு மருத்துவர் நடத்தை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

வேண்டாம் என்று சொன்னால்

திட்டாதீர்கள். "அப்புறம் ஏன் வந்தீங்க?" என்று கேட்டுவிட்டால், நிலைமை மோசமானாலும் அவர் திரும்பி வரமாட்டார். ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். பாதி நேரம் காரணம் பணமாக இருக்கும், இல்லை வீட்டில் மாட்டைப் பார்க்க ஆள் இல்லாததாக இருக்கும். மருத்துவருக்குச் சொல்லுங்கள். போனால் என்ன ஆபத்து என்று அவர் விளக்கட்டும். அதன்பிறகும் போகிறேன் என்றால் எழுதி வாங்கிக்கொண்டு, மாத்திரைச் சீட்டும் கொடுத்து, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி அனுப்புங்கள். குறிப்பு இப்படி இருக்கட்டும்: "மாலை 4.20. ரத்தம் ஏற்ற வேண்டாம் என்கிறார். டாக்டருக்குத் தெரிவிக்கப்பட்டது. 4.45-க்கு டாக்டர் வந்து தமிழில் விளக்கினார், நான் உடன் இருந்தேன். யோசித்து நாளை காலை சொல்வதாகச் சொன்னார்." யார், எப்போது, என்ன சொன்னார் என்பது போதும். "ஒத்துழைக்கவில்லை" என்ற வார்த்தை எனக்குப் பிடிக்காது. அதை வைத்து யாருக்கும் எதுவும் புரியாது.

தவறு நடந்துவிட்டால்

நடக்கும். சொல்லக்கூடாத ஆளிடம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பிறகு அவரையும் கூட்டிக்கொண்டு நோயாளியிடம் போய்ச் சொல்லுங்கள்: யாரிடம், என்ன சொன்னேன் என்று. அடுத்தவர் வாயால் அவருக்குத் தெரிவதற்கு முன்பே உங்கள் வாயால் தெரிய வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அந்தப் பெண் அதை மாமியாரின் வாயால்தான் தெரிந்துகொண்டாள்.

அதன்பிறகு நான் வேலை பார்த்த எல்லா வார்டிலும், போனுக்கு மேலே ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். நீங்களும் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்:

"போனில் யார் கேட்டாலும்: 'உங்க பேரும் நம்பரும் சொல்லுங்க. அவங்ககிட்டயே கேட்டுட்டு, அவங்களையே கூப்பிடச் சொல்றேன்.'"